காலில்லாத றாக்கை

வெருகலில் ஒரு தளபாடத்துக்குக் கால் இருப்பதுதான் அதன் முதற் குறை. வெள்ளமும் காலைப் பிடித்து ஏறும், கறையானும் காலைப் பிடித்து ஏறும். புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில் எதை வைத்தாலும் அது மாரிக்கு முன்பே வெள்ளத்துக்கு எழுதிக் கொடுத்த பொருள் என்று எங்கள் வீடுகளில் எண்ணிக்கொள்வது வழக்கம். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அப்பா ஓடாவி. பிள்ளைகளின் கொப்பிகளும் காணி உறுதிகளும் ஈரத்தில் ஊறி ஒட்டிப்போவதை ஊரில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனாலேயே சுவரில் மட்டும் நிற்கிற, காலே இல்லாத றாக்கையைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து, கடலைச் சேருமுன் கிளை பிரிகிறது. அதில் ஒரு கிளைதான் வெருகலாறு. ஆற்றுக்கு வடக்கே எங்கள் திருகோணமலை மாவட்டம், தெற்கே மட்டக்களப்பு. இந்த ஆற்றின் கரையில்தான் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது. ஐப்பசி பிறந்து தை வரைக்கும் வானத்தில் என்ன நடக்கிறது என்பதைவிட, மேலே மலையில் என்ன பெய்தது என்பதுதான் எங்களுக்குக் கவலை. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தைக் கிழக்கு மாகாணம் முழுவதும் இன்றும் பேசுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தபோது மூதூர், சேருவில, வெருகல் பக்கங்கள் தண்ணீருக்குள் கிடந்தன. தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது அலுமாரியைத் தூக்க ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது. அந்த நேரத்தில் ஏற்கெனவே மேலே இருக்கிற பொருள்தான் மிஞ்சும்.

கைபேசியில் இப்போது எல்லோரும் பார்க்கிற றாக்கை ஒன்று உண்டு. கீழே தாங்குகட்டை இல்லை, பக்கத்தில் இரும்பு முக்கோணம் இல்லை, ஆணித் தலையும் தெரியாது. பலகை சுவரிலிருந்து தானாக முளைத்தது போல நிற்கும். மிதக்கும் தட்டு என்கிறார்கள். சுவீடனின் ஐகியா நிறுவனம் விற்கிற 'லாக்' தட்டை உலகம் முழுக்க வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதன் உள்ளே பெரும்பாலும் தேன்கூடு மாதிரி மடித்த காகிதந்தான் இருக்கும், மேலேதான் மெல்லிய பலகைத் தோல். சின்னப் பூச்சாடிக்கு அது போதும். வெள்ளத்துக்குப் பயந்து பொருளை மேலே ஏற்றுகிற வீட்டுக்கு அது போதாது. ஆனால் அந்த அமைப்பின் உள்ளே இருக்கிற யோசனை எங்களுக்கு மிக நல்லது. நிலத்தைத் தொடாத, இடத்தை அடைக்காத ஒரு றாக்கை. 2010இல் அறிவித்த இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடுகள் 550 சதுர அடி அளவானவை. அப்படியான வீட்டில் ஒரு புத்தக அலுமாரியை நிறுத்தினால் பிள்ளை பாய் விரித்துப் படுக்கிற இடம் போய்விடும்.

பொருளைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை. வரிச்சு கட்டி மண் அப்பிக் கிடுகு வேய்ந்த வீட்டில் சுவருக்கு எந்தப் பாரத்தையும் கொடுக்க முடியாது. அதனால் அந்தக் காலத்து ஆட்கள் பாரத்தைக் கூரைக்குக் கொடுத்தார்கள். வளையில் உறி தொங்கும், அதில் தயிர்ச்சட்டி. அதற்கு மேலே பரண், அதில் விதைநெல். என் அம்மம்மாவின் வீட்டுச் சுவரில் ஒரு குப்பிவிளக்கு மாடத்தைத் தவிர வேறு எதையும் நான் கண்டதில்லை. சுவர் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அவர்கள் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். இப்போது சுவர் சீமெந்துக் கல்லாக மாறிவிட்டது, அதைப் பற்றிய அறிவு மட்டும் கூடவே வந்து சேரவில்லை. மூன்று அடிப் பலகை ஒன்றை வாங்கி, இரண்டு பிளக் அடித்து, ஸ்குரூ முடுக்கி, புத்தகத்தை அடுக்குகிறார்கள். கொஞ்ச நாளில் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து விழுகிறது. பலகையைக் குறை சொல்கிறார்கள். பலகையில் ஒரு குறையும் இல்லை.

ஏன் பெயர்கிறது என்பதை ஒருமுறை கணக்காகப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குகிறவளுக்கு அதன் பாரம் தெரியாது. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். பாரம் மாறவில்லை, தூரந்தான் மாறியது. றாக்கையிலும் அப்படித்தான். புத்தகங்களை நெருக்கமாக அடுக்கினால் நீளத்தில் ஓர் அடிக்கு 8 முதல் 10 கிலோ வரும். 3 அடித் தட்டில் 27 கிலோ என்று வைப்போம். முதிரைப் பலகை என்றால் அதன் பாரமே 8 கிலோவுக்குக் கிட்ட வரும். மொத்தம் 35 கிலோ. தட்டின் ஆழம் 10 அங்குலம் என்றால் பாரத்தின் நடு சுவரிலிருந்து 5 அங்குலம் தள்ளி நிற்கிறது. பின்னால் சுவரோடு பொருத்திய றீப்பையில் ஸ்குரூவுக்கும் றீப்பையின் கீழ் விளிம்புக்கும் இடையே ஓர் அங்குலந்தான் என்றால், 35ஐ 5ஆல் பெருக்க வேண்டும். ஸ்குரூக்கள் எல்லாம் சேர்ந்து 175 கிலோ இழுவையைத் தாங்கவேண்டும். அதுவும் கீழ்நோக்கி இல்லை. சுவரை விட்டு வெளியே பிடுங்குகிற இழுவை. பிளக்குக்குப் பிடிக்காததே இந்த வெளிநோக்கிய இழுவைதான்.

இந்தக் கணக்கை முதலில் போட முயன்றவர் கலிலியோ. பிளாரன்சுக்குப் பக்கத்தில் ஆர்செத்ரியில் வீட்டுக்காவலில் இருந்தபடி அவர் எழுதிய கடைசிப் பெரிய நூல் 1638இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் அச்சாகியது. அதில் ஒரு படம் இருக்கிறது. இடிந்த பழைய சுவர் ஒன்றிலிருந்து ஒரு மரச்சட்டம் வெளியே நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு பாரம் தொங்கும். அந்தப் படத்தைப் பார்க்கிற எந்த ஓடாவிக்கும் அது றாக்கைதான். சட்டத்தின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் முறியாமல் தாங்குகிற வலிமை நான்கு மடங்காகும் என்று அவர் கண்டார். அந்த விகிதம் இன்றும் சரி. சட்டத்துக்கு உள்ளே எந்தப் பகுதி இழுபடுகிறது, எந்தப் பகுதி நசிகிறது என்பதில் மட்டும் அவருக்குப் பிசகியது. அதைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். எங்களுக்குத் தேவையான பாடம் இதுதான்: அரை அங்குலப் பலகைக்கும் ஓர் அங்குலப் பலகைக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்கு அல்ல. ஆழத்தைக் குறைப்பதோ காசு செலவில்லாத பலம். பள்ளிக் கொப்பிக்கும் பாடநூலுக்கும் 8 அங்குல ஆழம் தாராளம். 10, 12 என்று அகலப் பலகை கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இரண்டு அங்குலத்தை அறுத்துவிடுங்கள் என்பதுதான்.

மூதூரில் ஒரு ஹார்ட்வெயார் கடை. நான் கேட்டது பிளக்.

"நானா, பெரிய பிளக் என்ன அளவில இருக்குது?"

"எந்தச் சுவருக்கு டீச்சர்?"

"வீட்டுச் சுவருக்குத்தான்."

"அது தெரியும். கல்லுக்கா, கொங்கிரீட்டுக்கா? கல்லு எண்டா கோறையா, நிறைஞ்ச கல்லா? அதச் சொல்லுங்க, பிறகு பிளக்கப் பாப்பம்."

இவ்வளவு தெளிவாகக் கேட்கிற கடைக்காரர் கிடைப்பது வரம். அவர் கேட்ட அந்த வரிசையில்தான் எல்லோரும் யோசிக்கவேண்டும்.

உங்கள் சுவர் எது என்று கண்டுபிடிப்பது கடினம் அல்ல. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கோறைக் கல் குடத்தைத் தட்டிய மாதிரி ஒலிக்கும், கொங்கிரீட் ஒலிக்கவே ஒலிக்காது. இன்னும் உறுதி வேண்டுமானால் தெரியாத இடத்தில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுப் பார்க்கலாம். முதல் அரை அங்குலம், முக்கால் அங்குலம் வரை வருவது பூச்சு. அதற்குப் பலம் என்று எதுவும் இல்லை. அதன் பிறகு செம்பொடி வந்தால் செங்கல். கரடுமுரடான சாம்பல் பொடி வந்து, ட்ரில் திடீரென்று வெறுமைக்குள் விழுந்தால் கோறைக் கல். பொடி மாவாக, மெதுவாக, ட்ரில் சூடேறி முனகினால் அது கொங்கிரீட்.

எங்கள் வீடுகளில் நல்ல கொங்கிரீட் இருக்கிற இடம் கதவு, யன்னலுக்கு மேலே ஓடுகிற லின்டில். சில வீடுகளில் திறப்புகளுக்கு மேல் மட்டும் இருக்கும், சில வீடுகளில் ஒரு பட்டி மாதிரி வீட்டைச் சுற்றி ஓடும். நிலத்திலிருந்து ஏறத்தாழ 7 அடி உயரம். வெள்ளத்துக்குத் தப்பவேண்டிய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. உயரமும் அங்கேயே இருக்கிறது, பலமும் அங்கேயே இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டில் ஒரேயொரு றாக்கைதான் செய்யமுடியும் என்றால் லின்டிலில் செய்யுங்கள் என்பேன்.

லின்டிலில் பிளக்கும் ஸ்குரூவும் வேண்டாம். 12 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பியை உள்ளே புதைத்து, அதன் மேல் பலகையைச் செருகுவதே சிறந்த முறை. 3 அடிப் பலகைக்கு மூன்று கம்பி: இரண்டு அந்தங்களிலிருந்தும் 4 அங்குலம் உள்ளே தள்ளி இரண்டு, நடுவில் ஒன்று. லின்டிலின் மேல் விளிம்போரமும் கீழ் விளிம்போரமும் அதன் சொந்தக் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அதனால் உயரத்தில் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அப்படியும் ட்ரில் இரும்பில் இடித்தால் மல்லுக்கட்டக் கூடாது. ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்து புதுத் துளை போடுங்கள். லின்டிலின் கம்பியை வெட்டிவிட்டு றாக்கை மாட்டுவது கூரையை விற்றுக் கதவு வாங்குகிற வேலை.

துளை 14 அல்லது 16 மில்லிமீற்றர் விட்டம், 4 அங்குலத்துக்குக் குறையாத ஆழம். சுத்தியல் அடிக்கிற வகை ட்ரில் மெசின் தேவை. சாதாரண ட்ரில்லால் கொங்கிரீட்டில் சத்தம் மட்டுமே வரும். எங்கள் பக்கத்தில் மேசன்மாரிடம் இந்த மெசின் இருக்கும், அரை நாளுக்குக் கேட்டால் தருவார்கள். துளை போட்டபின் செய்கிற வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம்: உள்ளே இருக்கிற தூளை வெளியேற்றுவது. சைக்கிள் பம்பின் குழாயை அடிவரை விட்டு ஊதுங்கள். பழைய பற்தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். தூள் இருந்தால் பசை தூளைப் பிடிக்கும், கொங்கிரீட்டைப் பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஊதவேண்டும், அல்லது கண்ணாடி போடவேண்டும். சிறுபிள்ளைகளை அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

பிறகு இரண்டு குழம்பைக் கலந்து செய்கிற எபொக்சிப் பசை. துளையில் பாதிக்குமேல் நிரப்பி, கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளினால் பசை வாய்க்கு வந்து பிதுங்கும். அது பிதுங்கினால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்று அர்த்தம். கம்பியில் துருவோ எண்ணெயோ இருக்கக்கூடாது. கடற்காற்று அடிக்கிற ஊரில் துரு பிடிப்பது சுவரின் வாயில், கம்பி வெளியே எட்டிப் பார்க்கிற அந்த இடத்தில்தான். பசை இறுகியபின் அந்த வாயைச் சுற்றி இரும்புப் பூச்சு இரண்டு தடவை பூசிவிட்டால் நெடுநாள் நிற்கும். மூன்று கம்பியும் ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இறுகவேண்டும். அதற்கு மூன்று துளை போட்ட ஒரு றீப்பைத் துண்டைக் கம்பிகளின் வெளி நுனியில் செருகி, பசை இறுகும்வரை வைத்திருப்பேன். மட்டம் பார்க்க மேசன்மார் வைத்திருக்கிற, தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயே போதும். அதைவிட நேர்மையான மட்டம் இல்லை. கம்பியின் வெளி நுனி ஒரு நூல் அளவு மேல்நோக்கி இருந்தால் நல்லது. பாரம் ஏறியபின் கண்ணுக்கு மட்டமாகத் தெரியும்.

நாளாந்தம் எடுக்கிற புத்தகத்துக்கு 7 அடி உயரம் உதவாது. ஏழு வயதுப் பிள்ளை தானாக எட்டி எடுக்காத புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இல்லாத புத்தகந்தான். ஆகவே கீழே, 4 அடி உயரத்தில் இன்னொரு தட்டு வேண்டும். அங்கே இருப்பது கோறைக் கல். கல்லின் முகத்தட்டு ஏறத்தாழ ஓர் அங்குலந்தான், அதற்குப் பின்னால் காற்று. சாதாரணப் பிளக் காற்றில் விரிந்து என்ன பயன்? இதற்கு எங்கள் மேசன்மாரும் ஓடாவிமாரும் சேர்ந்து செய்கிற முறை ஒன்று உண்டு. அது எந்தக் கடைச் சாமானையும் விட மேல் என்பது என் எண்ணம்.

கம்பி வரவேண்டிய இடத்தில் கல்லின் முகத்தட்டைச் சின்ன உளியால் உள்ளங்கை அளவுக்குக் கவனமாகத் திறக்கவேண்டும். பெரிய சுத்தியல் கூடாது. பக்கத்துக் கல்லின் இணைப்பு அதிர்ந்துவிடும். உள்ளே தெரிகிற கோறையின் அடியைக் காகிதமோ சாக்கோ வைத்து அடைத்து, தண்ணீர் தெளித்து நனைக்கவேண்டும். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், கலவை வெறும் மணலாகிவிடும். கம்பியின் உள் நுனியை ‘ட’ மாதிரி செங்கோணத்தில் வளைத்துக் கோறைக்குள் விட்டு, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலவையைச் சின்னக் கரண்டியால் திணித்துத் திணித்து நிரப்பவேண்டும். இறுகியபின் அந்தக் கம்பியைப் பிடுங்கவேண்டும் என்றால் கல்லையே பிடுங்கவேண்டும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். சீமெந்து முழுப் பலத்துக்கு வர 28 நாள். அதுவரை பாரம் ஏற்றாமல் பொறுத்திருக்கிறவர்கள் குறைவு. பொறுத்திருந்தவர் வீட்டுத் தட்டு நிற்கிறது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இத்தனை பாடும் இல்லை. கல் வைக்கும்போதே மேசனிடம் இடத்தைக் காட்டி, அந்த வரிசைக் கோறைகளை நிரப்பிக் கம்பியை வைத்துவிடச் சொல்லுங்கள். லின்டில் கொங்கிரீட் போடுகிற அன்றைக்கே பலகைப் பெட்டியில் துளை போட்டுக் கம்பியை நீட்டிவிடலாம். செலவு இரண்டு முழக் கம்பி. சாமியறைத் தட்டு, புத்தகத் தட்டு, குசினித் தட்டு என்று எங்கெங்கே வரும் என்பதை அத்திவாரம் வெட்டுமுன் வீட்டுப் பெண்கள் தீர்மானித்துச் சொல்லவேண்டும். பிறகு சொன்னால் உடைக்கத்தான் வேண்டும்.

4 அங்குலக் கல்லால் எழுப்பிய உள்தடுப்புச் சுவர் என்றால் இதை எல்லாம் செய்யாதீர்கள். சுவரை ஊடுருவிப் போல்ட் விட்டு, மறுபக்கம் கையகல இரும்புத் தகடு வைத்து நட் முடுக்குங்கள். தகடு தெரியுமே என்றால் தெரியட்டும், பூச்சுப் பூசலாம். அந்தச் சுவரின் மேல் நுனி கூரையோடும் லின்டிலோடும் கட்டுப்படாமல் தனியே நின்றால், கையால் தள்ளிப் பார்த்து அசைந்தால், அதில் எதையும் மாட்டவேண்டாம். செங்கற் சுவரில் நல்ல பிளக் பிடிக்கும், ஆனால் சாந்து இணைப்பில் அடிக்காமல் கல்லின் நடுவில் அடியுங்கள். மண்சுவர் வீட்டுக்கு உறியே சரி.

இனி மரம். திருகோணமலை என்ற பெயரை உலக மரச்சந்தையில் தாங்கி நிற்கிற மரம் ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் நாங்கள் சவண்டலை என்றும் சொல்கிற மரந்தான் ஆங்கிலேயர் கணக்கில் திருகோணமலை மரம் என்று ஏறியது. இங்கிருந்து சென்னைக்குப் போய், அந்தக் கரையின் பேரலையைத் தாண்டிக் கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்குப் பலகையானது. வளையும், முறியாது. அதற்கு அடுத்து முதிரை, பாலை. இந்த மூன்றும் எங்கள் காட்டின் பெருமை. அதனால்தான் சொல்கிறேன்: இரவில் வருகிற முதிரைப் பலகையை வாங்காதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏறிவருகிற மரம் ஒவ்வொன்றும் வெள்ளத்தைத் தடுக்கிற காட்டிலிருந்து கழிகிற மரம். மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்கிற காட்டை வெட்டி, அந்தத் தண்ணீருக்குத் தப்ப றாக்கை செய்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

றாக்கைக்கு அவ்வளவு உயர்ந்த மரம் தேவையும் இல்லை. அரச மரக்கூட்டுத்தாபனத்தில் தோட்டத் தேக்கு வாங்கலாம். வளவில் நின்று காற்றுக்கு விழுந்த வேம்பை மரக்காலையில் கொடுத்து அரியலாம். வேம்பின் வைரம் நல்ல பலகை. பலா என்றால் வளவில் நிற்கிற மரமானாலும் அனுமதி எடுத்துத்தான் வெட்டவேண்டும், 1951இலிருந்து சட்டம் அப்படி. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பழைய மரம். ஓடு மாற்றும்போது கழற்றிய வளை, பழைய கதவு நிலை, இவை இருபது முப்பது வருடம் காய்ந்து, நெளியவேண்டியதெல்லாம் நெளிந்து முடித்தவை. ஆணி இருக்கிறதா என்று மட்டும் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். சீவுளி அலகு பல்லுப் போகாமல் தப்பும்.

எந்த மரமானாலும் வெள்ளை இல்லாமல் வைரமாகப் பார்த்து எடுக்கவேண்டும். முதிரையின் வெள்ளையைக்கூடப் பூச்சி தின்னும். கறையான் தேடி வருவது வெள்ளையைத்தான். பச்சைப் பலகை வாங்கினால் நிழலில், பலகைக்குப் பலகை குச்சி வைத்துக் காற்று ஓட அடுக்கி, இரண்டு அந்தத்திலும் பூச்சுப் பூசி வையுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது ஓடாவிமாரின் பழைய கணக்கு. அப்பா பலகையை வாங்கினால் அது அடுத்த வருடத்துக்கான பலகை. அவசரம் என்று யாராவது வந்தால், "பலகைக்கு அவசரம் இல்லையே தம்பி" என்பார்.

கம்பி செருகுகிற தட்டுக்கு ஒன்றரை அங்குலக் கனம் வேண்டும். 12 மில்லிமீற்றர் துளை போட்டபின் மேலும் கீழும் அரை அங்குலம் மரம் மிஞ்சவேண்டும் என்பதால் அதற்குக் குறைய முடியாது. சுவரில் இறுகி நிற்கிற கம்பிகளை அளவெடுத்துப் பலகையில் குறிப்பது தவறு. பலகையின் பின் விளிம்பைக் கம்பி நுனிகளில் நேரடியாக அழுத்திப் பதியவைத்து, அந்தத் தடத்தில் துளையுங்கள். விளிம்பில் 6 அங்குல ஆழத்துக்கு நேராகத் துளைப்பதுதான் இந்த வேலையின் மிகக் கடினமான இடம். கனமான மரத்துண்டு ஒன்றில் முதலில் செங்குத்தான துளை போட்டு, அதை வழிகாட்டியாக விளிம்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு துளைத்தால் ட்ரில் அலையாது. நடுத்துளை மட்டும் கம்பிக்கு இறுக்கமாக இருக்கட்டும். ஓரத் துளைகளை நீளவாக்கில் ஒரு நூல் தளர்வாக விடுங்கள். மரம் நீளத்தில் அதிகம் அசையாது, அகலத்தில் அசையும். அது கம்பி ஓடுகிற திசை என்பதால் பலகை கம்பியில் முன்பின் வழுக்க இடம் வேண்டும். எனவே பலகைத் துளைக்குள் பசை ஊற்றவேண்டாம். நடுக்கம்பிக்குக் கீழிருந்து ஒரு சின்ன ஸ்குரூ போதும். வெள்ளத்துக்குப்பின் கழற்றிக் காயவைக்கவும் அதுவே வசதி.

பின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரற்கடை இடைவெளி விடச் சொல்வேன். பார்ப்பதற்கு ஒட்டி நிற்பதுதான் அழகு என்பார்கள். ஆனால் சுவர் வழியாக வருகிற கறையான் அந்த இடைவெளியைத் தாண்ட மண்புற்றுக் கட்டவேண்டும், கட்டினால் கண்ணில் படும். ஒட்டி நின்றால் பலகைக்குள் போனபிறகுதான் தெரியவரும். வார்னிஷ் அடிக்கும்போது முகத்தைவிட அந்தப் பின் விளிம்புக்கும் துளை வாய்க்கும் கூடுதலாக அடியுங்கள்.

மெல்லிய பலகையில் பெட்டி செய்து, சுவரில் பொருத்திய றீப்பைச் சட்டத்தின் மேல் உறை மாதிரி மாட்டுகிற இன்னொரு முறையும் உண்டு. பாரம் குறைவு, பார்வைக்கு நல்ல கனமான தட்டாகத் தெரியும். படம், விளக்கு, சாமிப் படங்களுக்கு அது மிக நன்று. புத்தகத்துக்கும் அரிசிக்கும் கம்பித் தட்டே வேண்டும்.

பாரத்தை ஏற்றும்போது ஒரே நாளில் ஏற்றாதீர்கள். மரமும் சுவரும் தொடர்ந்து தாங்குகிற பாரத்துக்கு மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கட்டடக்கலைஞர் பிராங்க் லொயிட் ரைட் 1930களில் அருவிக்கு மேலே கட்டிய வீட்டின் கொங்கிரீட் மாடங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீண்டு நிற்கிற அவை, கட்டிய நாளிலிருந்தே தாழத் தொடங்கி ஏழு அங்குலம்வரை இறங்கிவிட்டன. 2002இல் உருக்கு வடங்களை இழுத்துக் கட்டி நிறுத்தினார்கள். கொங்கிரீட்டே அப்படி என்றால் பலகை எம்மாத்திரம். முதல் வாரம் பாதிப் பாரம் வையுங்கள். பாரமானவற்றைச் சுவரோரமும் கம்பிகளுக்கு நேரேயும், இலேசானவற்றை முன்னுக்கும் வையுங்கள். பலகைக்கும் சுவருக்கும் இடையில் விட்ட அந்த இடைவெளியின் மேற்புறத்தை அவ்வப்போது பாருங்கள். மேலே மட்டும் அகன்று வந்தால் கம்பி தளர்கிறது. அன்றைக்கே பாரத்தை இறக்கிவிடுங்கள்.

என் வீட்டு லின்டில் தட்டில் புத்தகம் இல்லை. தடித்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள்கள், அஸ்வெசும நலன்புரிக் கடிதங்கள், அம்மா அப்பாவின் கலியாணப் படம். 2004 டிசம்பர் 26 சுனாமியிலும், பிறகு 2006இல் போரால் எங்கள் ஈச்சிலம்பற்றுப் பகுதியே பெயர்ந்து வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் போனபோதும் எங்கள் ஆட்கள் இழந்த கடதாசிகளுக்குக் கணக்கில்லை. நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று, ‘நான்தான் நான்’ என்று சாட்சி வைத்து நிரூபித்த தாய்மாரை நான் அறிவேன். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிழமைக்கு வேண்டிய அரிசி, மருந்து, ரோர்ச்லைட். கீழ்த்தட்டில் பிள்ளைகளின் கதைப் புத்தகங்கள், அவர்கள் கை எட்டுகிற உயரத்தில். ஒவ்வோர் ஐப்பசி முதலிலும் இரண்டு தட்டையும் இறக்கி, பின் விளிம்பைத் துடைத்து, கம்பி வாயில் துரு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஏற்றுவோம். அரை நாள் வேலை. இந்த வருடம் மேல் தட்டின் நீளத்தை நான்கு அடியாக்கி, நான்காவது கம்பியும் வைக்கலாம் என்றிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமியின் உறுதிக்கும் இடம் வேண்டுமாம். அவர்களின் வீட்டில் லின்டில் கதவுக்கு மேல் மட்டுந்தான்.